போலிப் பெட்டிக்கு நம்ம குழுவில் இடம் உண்டா?

2024 மே 12, பின்னேரம். பழைய கேம் பெட்டிகளைப் பற்றிப் பேசுகிற நம்ம குழுவில் பண்டாரவளைத் தம்பி ஒருவர் கேட்டது:

"அண்ணன், பழைய கேம் பெட்டிப் படம் இருந்தால் போடுங்கள் என்று சொன்னீர்கள். போட்டேன். 'இது டூப்ளிக்கேட், ரெட்ரோ இல்லை' என்று நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நின்டெண்டோ, சேகா என்று பெயர் பொறித்தது மட்டும்தான் கணக்கா? அப்படியென்றால் இதைப் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுகிறேன்."

மே 12, இரவு

கொடுத்துவிடாதீர்கள் தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம்.

சிரித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தொண்ணூறுகளில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நின்டெண்டோ என்று பெயர் பொறித்த பெட்டியை யார் வீட்டில் பார்த்தீர்கள்? நான் பார்த்ததில்லை. வெளிநாட்டில் மாமா இருந்த வீட்டில் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் டிவி கேம் என்றால் கொழும்புப் புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டிதான். வெளியே பார்த்தால் சேகாவின் மெகா டிரைவ் பெட்டி மாதிரி, உள்ளே நின்டெண்டோவின் ஃபமிகொம் பெட்டி. அதுகூட எல்லா வீட்டிலும் இல்லை. எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கரண்ட் வருவதற்கு முன்னால் டிவியே கார் பற்றரியில்தான் ஓடியது. அந்தப் பற்றரியில் கேம் விளையாட யார் விடுவார்கள்? டவுனில் ஒரு கடையின் பின்னறையில் அரை மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து விளையாடினோம்.

ஃபமிகொம் ஜப்பானில் 1983 ஜூலையில் வந்தது. அதன் சில்லுகளை (சிப்) தாய்வானில் நகலெடுத்தார்கள். அந்த நகலிலிருந்து பிறந்த பெட்டிகள் எங்கெங்கோ போயின. ரஷ்யாவில் 1992இல் டெண்டி என்ற பெயரில் வந்தது, போலந்தில் பெகாசஸ். அந்த ஊர்க்காரர்கள் யாரும் வெட்கப்பட்டு ஒளித்து வைக்கவில்லை. தங்கள் சிறுவயதுப் பெட்டி இதுதான் என்று சொல்லி, திறந்து பார்த்து, படம் பிடித்து, எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அமெரிக்கக்காரன் அலுமாரியில் இருப்பதைப் பார்த்து நம்ம பெட்டியை டூப்ளிக்கேட் என்கிறோம்.

குழுவை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் நம்ம பக்கத்தில் யாராவது உட்கார்ந்து விளையாடியதென்றால் அதற்கு இங்கே இடம் உண்டு. இப்போது நடைபாதையில் விற்கிற '400 கேம்' கைப்பெட்டிகளுக்கு இல்லை. அவை புதுச் சாமான்.

மே 13

டிக்கோயாவிலிருந்து ஒருவர்: "திருட்டுச் சாமானுக்கு வரலாறு என்று பெயர் வைக்கிறீர்களா?"

கேட்கத்தான் வேண்டிய கேள்வி. ஆனால் பெட்டி வேறு, கேம் வேறு. பெட்டியின் வன்பொருளுக்கு இருந்தது காப்புரிமை. அதற்கு ஆயுள் குறைவு, 2000களின் நடுப்பகுதிக்குள் முடிந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு வெளிநாட்டுக் கம்பனிகள் பகிரங்கமாகவே ஃபமிகொம் கசட் (கேம் அடங்கிய செருகு பெட்டி) போட்டு விளையாடும் புதுப் பெட்டிகளைச் செய்து விற்கின்றன. கேமுக்கு இருப்பது பதிப்புரிமை, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நம்ம கசட்டுகளில் இருந்த கேம்கள் அனுமதி இல்லாமல் போட்டவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் ஒரு பன்னிரண்டு வயதுப் பொடியன் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? நின்டெண்டோ இருக்கிற கியோட்டோவுக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டுமா?

மே 13, கொஞ்சம் பிந்தி

பண்டாரவளைத் தம்பி பெட்டியைக் கழற்றிப் படம் அனுப்பியிருக்கிறார். போர்டில் நாற்பது கால் உள்ள இரண்டு பெரிய சில்லுகள். ஒன்றில் யூஏ6527பி, மற்றதில் யூஏ6538 என்று இருக்கிறது. தம்பி, இது நல்ல சாதி. யூஎம்சி என்ற தாய்வான் கம்பனியின் சில்லு. பிறகு வந்த மலிவுப் பெட்டிகளில் எல்லாவற்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கி, மேலே கறுப்புப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். அது பழுதானால் திருத்த வழியே இல்லை. உங்களுடையதில் ஒரு சில்லு செத்தால் இன்னொன்றை எடுத்துப் பற்றவைத்து ஓட்டலாம்.

கழற்றுகிற ஆசையில் பழைய டிவியையும் யாரும் திறந்துவிட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

மே 19

இதை எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்தேன். லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவர், நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "உங்கள் மரியோவுக்குக் காய்ச்சலா, ஏன் இப்படி நடக்கிறான்?" என்று கேட்டார்.

காய்ச்சல் இல்லை. இலங்கை டிவி பால் (PAL) முறை, ஒரு செக்கனுக்கு 50 தடவை திரை புதுப்பிக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. அங்கே செய்த கேமை அப்படியே 50இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஐரோப்பாவும் 50தான், ஆனால் அங்கே விற்ற சுப்பர் மரியோவில் நின்டெண்டோ வேகத்தையும் பாட்டையும் கொஞ்சம் சரிசெய்து கொடுத்தது. நமக்கு யார் சரிசெய்து தருவார்கள்? கசட்டில் இருந்தது 60க்குச் செய்த பதிப்பு.

இதில் ஒரு விசயம் எனக்குப் பிடிக்கும். ஐரோப்பிய நின்டெண்டோவில் 60க்கான கேமைப் போட்டால் பல கேம்களில் படம் குழம்பும், ஏனென்றால் அதன் நேரக் கணக்கு வேறு. நகல் பெட்டி செய்த தாய்வான் பொறியியலாளர்களுக்கு, தங்கள் பெட்டியில் ஓடப்போவது ஜப்பான் கேம்தான் என்று தெரியும். அதனால் செயலிக்கும் படச் சில்லுக்கும் உள்ள வேக விகிதத்தை ஜப்பான் பெட்டியில் இருந்தபடியே வைத்து, மிஞ்சிய நேரத்தைத் திரையின் அடியில் சும்மா காத்திருக்க விட்டார்கள். செயலி 1.77 மெகாஹெட்ஸில் ஓடியது, ஜப்பான் பெட்டியில் 1.79. பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அதேதான், தாளம் மட்டும் மெதுவானது. பால் டிவி உள்ள ஊர்களை நினைத்தே உட்கார்ந்து செய்த வேலை அது. இதை வெறும் நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. இந்த 6527பி சில்லு ஒலி அலையின் இரண்டு வகைகளை மாற்றிப் போட்டு வாசிக்கும். அதனால் சத்தத்தின் குணமே வேறு. ஃபோனில் எமியுலேட்டர் (பழைய பெட்டியைப் போல நடிக்கிற மென்பொருள்) போட்டுக் கேட்டுவிட்டு, "பாட்டு இப்படி இல்லையே" என்று மூன்று பேராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் காதில் பிழை இல்லை. மெசென் எமியுலேட்டரில் பிராந்தியத்தை டெண்டி என்று மாற்றுங்கள். ஒலி அமைப்பில் அந்த இரண்டு அலைகளையும் இடம் மாற்றுகிற தெரிவு ஒன்றும் உண்டு. இரண்டையும் போட்டுவிட்டுக் கேளுங்கள், ஹட்டன் கடைப் பின்னறை அப்படியே வரும்.

மே 24, வெசாக் லீவு

'9999 இன் 1' கசட்டில் உண்மையில் எத்தனை கேம் என்று கேட்கிறார்கள். எங்களிடம் இருந்ததில் விரல் விட்டு எண்ணலாம். பட்டியலில் அதே மரியோ திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வருவார். ஒன்றில் மூன்றாவது கட்டத்திலிருந்து தொடங்கும். கொன்ட்ரா என்ற சுடும் கேம் முப்பது உயிரோடு வரும். ஏமாற்று என்று சொல்லலாம். ஆனால் காசுக்கு விளையாடுகிற பையனுக்கு நேரே நடுக் கட்டத்தில் இறங்குவது பெரிய உபகாரம். கொன்ட்ராவின் எட்டாவது கட்டத்தை மஸ்கெலியாப் பொடியன்கள் பார்த்தது அப்படித்தான்.

நோர்வூட்டிலிருந்து ஒருவர் திருத்துகிறார்: அந்த முப்பது உயிர் கசட்டில் போட்டது அல்ல, மேல் மேல் கீழ் கீழ் என்று பொத்தான் அமுக்குவதால் வருவது. இரண்டும் உண்டு, ஐயா. அந்தப் பொத்தான் வரிசை கொனாமி கம்பனியின் கிராடியஸ் கேமில் 1986இல் வந்தது, கொன்ட்ராவிலும் வைத்தார்கள். நகல் கசட் செய்தவர்கள், பொத்தான் அமுக்கும் சிரமமும் வேண்டாம் என்று பட்டியலிலேயே போட்டுவிட்டார்கள்.

கசட் வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியல் திரையை வீடியோ எடுத்து அனுப்புங்கள், பறவை பறக்கிற பின்னணி, பாட்டு எல்லாவற்றோடும். கேம்களை உலகம் பத்திரப்படுத்திக்கொள்ளும். இந்தப் பட்டியல்களை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 2

மழை. இரண்டு நாளாக வெளியே தலை காட்டவில்லை. அதனால் பூஞ்சணம் பற்றி எழுதுகிறேன்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது பிளாஸ்டிக் மஞ்சளாவதைப் பற்றி. நம்ம பிரச்சினை அது இல்லை. மே மாதம் தென்மேல் பருவம் தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மாதக்கணக்கில் சுவரே வியர்க்கும். பதுளைப் பக்கத்துக்காரர்களுக்கு இதே கதை வருசக் கடைசியில். கசட்டின் செப்புத் தகடு பச்சை பூக்கும், கொன்ட்ரோலர் பொத்தானுக்கு அடியில் இருக்கிற கறுப்பு ரப்பர் பிசுபிசுக்கும், பிளேஸ்டேஷனில் தட்டைப் படிக்கிற கண்ணாடியில் பூஞ்சணம் படரும். ஃபோன் திருத்துகிற கடையில் இருப்பதால் இவை எல்லாம் என் மேசைக்கு வந்து சேரும்.

கசட்டுக்குள் ஊதாதீர்கள். எல்லோரும் ஊதினோம், நானும்தான். ஊதியதும் ஓடியது போலத் தெரிவதற்குக் காரணம், கசட்டை எடுத்துத் திரும்பச் செருகியதே. வாய்க் காற்றில் இருக்கிற ஈரம் தகட்டில்தான் தங்கும், நம்ம ஊரில் அது காயவும் காயாது. பார்மசியில் கிடைக்கிற ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். இலத்திரனியல் சாமான் விற்கிற கடையில் 99 சதவீத ஐசோபுரப்பைல் அல்ககோல் கேளுங்கள். காதுக் குச்சியில் நனைத்துத் துடைத்து, வேறு குச்சியால் காயத் துடையுங்கள். பச்சை விடாப்பிடியாக இருந்தால் வெள்ளை அழிறப்பரால் மெதுவாக ஒரு தடவை. தினமும் தேய்த்தால் முலாம் போய்விடும்.

வைப்பதற்கு என்ன செய்வது? விலை உயர்ந்த பெட்டி எதுவும் வேண்டாம். தேயிலை அனுப்புகிற கடதாசிச் சாக்கு உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியது. தேயிலை ஈரம் இழுத்தால் கெட்டுவிடும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஃபெக்டரியில் தெரிந்தவர் இருந்தால் கிழியாத சாக்கு ஒன்று கேட்டு வாங்கி, தூசி தட்டி, கசட்டுகளோடு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, வாயை மடித்து நாடா ஒட்டுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற பொட்டலம் போதும், ஆனால் அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், புதிதாக வாங்குவது நல்லது. நான் சாக்கில் வைத்தவை மழைக்காலம் தாண்டியும் பச்சை பிடிக்காமல் இருக்கின்றன. கொஞ்சம் தேயிலை வாசம் வரும், அதை நான் குறையாக எடுக்கவில்லை.

ஜூன் 3

தேயிலை உலர்த்துகிற இயந்திரத்திலேயே கசட்டைப் போட்டு எடுக்கலாமே என்று கேட்ட கொட்டகலைத் தம்பிக்கு: தாராளமாக. வெளியே வரும்போது மரியோ பிஓபி தேயிலைத் தரத்தில் வருவார்.

ஜூன் 21

பதுளை அக்கா ஒருவர் தனியாக எனக்கு எழுதியதை, அவர் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன். "நீங்கள் எல்லோரும் கடைப் பின்னறை, கடைப் பின்னறை என்று எழுதுகிறீர்கள். பெண்பிள்ளைகளை அங்கே யார் விட்டார்கள்? நான் விளையாடியது பக்கத்து வீட்டில், அந்த வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு வருவதற்கு முன்னால். சர்க்கஸ் சார்லியில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையம் தாண்டுவதில் என்னை யாரும் வெல்ல முடியாது. ஆனால் நான் விளையாடினேன் என்று அந்தப் பையனுக்கு இன்றுவரை தெரியாது."

இதைப் படித்த பிறகு என் மே 12 குறிப்பை மறுபடி பார்த்தேன். கடையில் விளையாடியதையே வரலாறு மாதிரி எழுதியிருக்கிறேன். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி. வீட்டுக்குள் விளையாடியவர்களும் எழுதுங்கள். அக்கா மாதிரித் தனியாக அனுப்பினாலும் சரி, பெயர் இல்லாமல் போடுகிறேன்.

இன்னொன்று: சிங்களத்தில் எழுதுகிற வெலிமடைக் கூட்டாளிகளைப் பார்த்து "தமிழில் போடு" என்று யாரும் சொல்ல வேண்டாம். போன மாதம் இந்தக் குழுவில் உயிர் பெற்ற நாலு போர்டில் இரண்டைப் பற்றவைத்தது அவர்கள் கை.

ஜூலை 7

ரொம் கோப்புகள், அதாவது கசட்டிலிருந்து பிரதி எடுத்த கேம்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இனி முடியாது. நேற்று ஒருவர் ஒரு பெரிய கோப்பு இணைப்பைப் போட்டார், நான் நீக்கினேன், அவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் காக்கிறது. கேம் பழையது என்பதால் அது பொதுச் சொத்தாகாது. சுப்பர் மரியோவை இன்றும் நின்டெண்டோ சுவிட்சில் சந்தா கட்டி விளையாடலாம். அப்படியிருக்க அதன் இணைப்பை இங்கே போட்டால் குழுவே போய்விடும். 2024 மார்ச்சில் யூசு எமியுலேட்டர்காரர்கள் நின்டெண்டோவுக்கு 24 இலட்சம் டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டு கடையைச் சாத்தியதைப் பார்த்தோம். அது புதுக் கேம்கள் தொடர்பான வழக்கு, நம்ம அளவுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று வாதிடலாம். எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்காதாம். காசு கொடுக்க ஆள் தயார், வாங்கத்தான் இடம் இல்லை. அந்தக் கேம்களில் பல யாரோ ஒருவர் கசட்டிலிருந்து பிரதி எடுத்து வைத்ததால்தான் உயிரோடு இருக்கின்றன.

ஆகவே இங்கே இணைப்பு கிடையாது, எதற்கும். உங்கள் கசட்டை நீங்களே பிரதி எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்டால் சொல்லித் தருவேன். உள்ளே பற்றரி உள்ள கேம்போய் கசட்டுகளுக்கு அது அவசரம். பொக்கிமொன் கோல்ட், சில்வர் போன்றவற்றில் மணிக்கூடும் அதே பற்றரியில் ஓடுவதால் சீக்கிரம் செத்துவிடும், சேமித்ததெல்லாம் அதோடு போகும்.

ஜூலை 8

போனவர் திரும்பி வந்துவிட்டார். வரவேற்புப் பொம்மை போட்டுக் கிண்டல் பண்ண வேண்டாம்.

ஜூலை 28

மே 12இல் நடைபாதைக் கைப்பெட்டிக்கு இடம் இல்லை என்று அடித்துச் சொன்னேன் அல்லவா? நானுஓயா ஸ்டேசனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு பொடியன் அதில் டாங்க் விளையாடிக்கொண்டிருந்தான், நம்ம பேட்டில் சிட்டிதான். பக்கத்தில் இருந்த அவன் தாத்தா, "கழுகுக் கொடிக்கு முன்னாலே சுவரை உடைக்காதே, சுத்தி வா" என்று சொல்லிக்கொடுத்தார். மனிதருக்கு எழுபது வயது இருக்கும். எங்கே விளையாடினார் என்று கேட்டேன். மகனுக்கு வாங்கிக் கொடுத்த பெட்டியில், மகன் தூங்கின பிறகு விளையாடினாராம்.

அந்தக் கைப்பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் அதே கறுப்புப் பிசின் சில்லின் வாரிசு. வாரிசை வாசலில் நிறுத்திவிட்டுப் பெரியவரை மட்டும் உள்ளே கூப்பிடுவது எனக்கு இப்போது சரியாகப் படவில்லை. விதியை மாற்றுகிறேன்: கைப்பெட்டியும் போடலாம், ஆனால் யார் விளையாடினார்கள், என்ன விளையாடினார்கள் என்று இரண்டு வரியாவது சேர்த்துப் போட வேண்டும். படம் மட்டும் போட்டு "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பது நீக்கப்படும். விலை கேட்பதைத் தடுத்ததற்கு என் மேல் கோபப்படாதீர்கள். கொழும்பிலிருந்து ஒருவர் இங்கே படம் பார்த்து, ஒரு வயதான அம்மாவிடம் அடிமாட்டு விலைக்குப் பெட்டி வாங்கிப் பல மடங்குக்கு விற்றதற்குப் பிறகு போட்ட விதி அது.

டிக்கோயாக்காரர் இதற்கும் ஏதாவது சொல்வார். சொல்லட்டும், அவர் இல்லாவிட்டால் இங்கே ஒருவரும் ஒழுங்காக யோசிக்கமாட்டோம்.

ஆகஸ்ட் 18

ஹட்டனில் கூடுவதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு. இடம் கிடைத்துவிட்டது, விவரம் தனியாக அனுப்புகிறேன். பழைய குழாய் டிவி இரண்டு இருக்கிறது, மூன்றாவது ஒன்று யாரிடமாவது இருந்தால் வான் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கேம் துப்பாக்கி கொண்டுவருகிறவர்கள் திரையில் வாத்துச் சுட வேண்டுமென்றால் குழாய் டிவிக்கு முன்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கி அந்தக் கணத்தில் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். தட்டை டிவியில் படம் பிந்தி வருவதால் துப்பாக்கிக்கு ஒன்றும் தெரியாது.

அடப்டரை மாற்றிக் குத்திவிடாதீர்கள். அசல் ஃபமிகொமுக்கு 10 வோல்ட் நேரோட்டம், நடு முனை மறை. அமெரிக்க நின்டெண்டோவின் அடப்டர் 9 வோல்ட் ஆடலோட்டம், அதை ஃபமிகொமில் குத்தினால் பெட்டி போச்சு. நகல் பெட்டிகளில் பெரும்பாலானவை 9 வோல்ட் நேரோட்டம்தான், ஆனால் நடு முனை பெட்டிக்குப் பெட்டி மாறும். அடியில் அச்சடித்திருக்கும், தேய்ந்துபோயிருந்தால் என்னிடம் மீற்றர் இருக்கிறது, பார்த்துவிட்டுக் குத்தலாம். பண்டாரவளைத் தம்பி, உங்கள் 6527பிதான் முதல் மேசையில். பேர் போட்ட பெட்டிக்காரர்கள் இரண்டாவது மேசைக்குப் போகலாம்.